வளைகொம்பி இழுத்துச் சொன்ன சொல்

மாடு வாய் திறந்து பேசுவது யாருக்கும் அதிசயமாகப் படாத அந்தக் காலத்தில், ஆவரங்குடி என்று ஓர் ஊர் இருந்தது. பெரிய கண்மாய் ஒன்றின் கரைக்குக் கீழே எண்பது வீடுகள். கண்மாயில் தண்ணீர் நின்றால் ஊருக்குச் சோறு. கரை உடைந்தால் ஊரே இல்லை.

அப்போது மூக்கணாங்கயிறு கிடையாது. சாட்டையும் கிடையாது. ஒரு பிராணியிடம் வேலை வாங்க வேண்டுமென்றால் அதனிடம் போய்க் கேட்க வேண்டும். "இந்தக் கட்டையை இழுத்துத் தருவியா?" என்று கேட்டால், காளையோ கழுதையோ இரண்டில் ஒரு பதிலைச் சொல்லும். ஒன்று, சரி. இன்னொன்று, முடியாது. முடியாது என்றால் உண்மையிலேயே முடியாது. காலில் முள் தைத்திருக்கும், வயிற்றில் நோவு இருக்கும், அல்லது கட்டை அதன் பலத்துக்கு மீறியதாக இருக்கும். கேட்டவர் மேலே ஒரு பேச்சும் பேசாமல் வேறு பிராணியைத் தேடிப் போய்விடுவார். முடிகிற காரியத்தை முடியாது என்று சொன்னால் அது பொய். பொய் சொல்ல அப்போது எந்தப் பிராணிக்கும் தெரியாது. இந்த இரண்டு பதிலுக்கு மேல் இன்னொன்று வேண்டியிருக்கும் என்று மனிதர்களும் நினைக்கவில்லை, மாடுகளும் நினைக்கவில்லை.

அந்த ஊரில் சோலையம்மாள் என்று ஒருத்தி இருந்தாள். புருஷன் பனையிலிருந்து விழுந்து இடுப்பொடிந்து மூன்று வருஷமாகப் படுக்கையில் கிடந்தான். வீட்டையும் வயலையும் அவள்தான் பார்த்துக்கொண்டாள். அவளுக்குத் துணை வளைகொம்பி என்ற எருமை. இரண்டு கொம்பும் பின்னால் போய், காதைச் சுற்றி வளைந்து திரும்பியிருக்கும். அந்த எருமையைப் போலப் பலமுள்ள உருப்படி சுற்றுவட்டாரத்தில் இல்லை. அதுதான் அவளுக்கு வினையாகவும் வந்தது.

பலமுள்ளவளிடம்தானே எல்லாரும் வருவார்கள். விடிந்ததும் ஒருவர் வந்து களத்தில் நெல் மிதிக்கக் கூப்பிடுவார். மிதித்துவிட்டுத் திரும்பும்போது வழியில் ஒருவர் சேற்றில் இறங்கிய வண்டியைக் காட்டுவார். அதை இழுத்துக் கரையேற்றினால், வண்டியிலிருந்த கல்லை இறக்கும் இடம் வரைக்கும் கூட வரச் சொல்வார்கள். மத்தியானத்தில் கண்மாய் மண் சுமக்க வேண்டும். "இது ஒண்ணுதான் தாயி" என்று ஒவ்வொருவரும் சொல்வார்கள். அவரவருக்கு அது ஒன்றுதான். வளைகொம்பிக்கு மட்டும் அது பத்தாவதாகவோ பதினைந்தாவதாகவோ இருக்கும். "முடியுமா தாயி?" என்பார்கள். அவள் தன் காலைப் பார்ப்பாள், முதுகைப் பார்ப்பாள். எல்லாம் இருக்கிற இடத்தில் இருக்கும். "சரி" என்பாள்.

இப்படிப் பன்னிரண்டு வருஷம் போயிற்று. ஐந்து கன்று ஈன்றாள். ஒவ்வொரு கன்றும் தாயைப் பார்த்ததைவிடத் தாய் போன திசையைப் பார்த்துக்கொண்டு நின்றதுதான் அதிகம்.

ஆறாவது கன்று ஐப்பசியில் பிறந்தது. கிடேரிக் கன்று. முகத்தைவிடக் காது பெரிதாக இருந்தது. பேசும் வயது வரவில்லை. "ஏ" என்று மட்டும் கூப்பிடும். வளைகொம்பி எழுந்தால் அதுவும் எழும். அவள் நாலு அடி வைத்தால் அதுவும் தடுமாறிக்கொண்டு பின்னால் வந்து அவள் வயிற்றில் முட்டிக்கொண்டு நிற்கும். இந்தக் கன்றை மட்டும் ஏனோ அவளுக்கு நக்கி முடியவில்லை. நக்கிய இடத்தையே திரும்பத் திரும்ப நக்கிக்கொண்டிருந்தாள்.

கன்று பிறந்த ஒன்பதாம் நாள். ஏழு நாளாக மழை விடவில்லை. கண்மாய் விளிம்பு தட்டி நின்றது. நண்பகல் சமயம், கரைக்காவல் பார்க்கும் மாயழகு தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஓடி வந்தான். சோலையம்மாளுக்குக் கொழுந்தன் முறை.

"மதினி! தெற்கு மடைக்குப் பக்கத்துல கரை விட்டுருச்சு. ஓர் ஆள் நீளத்துக்கு வாயைப் பிளந்துகிட்டு நிக்குது. மண்ணைக் கொட்டக் கொட்டத் தண்ணி அள்ளிக்கிட்டுப் போயிருது. வளைகொம்பி வந்து அந்த வாயில குறுக்க நின்னாள்னா வேகம் தணியும். அவ முதுகுக்கு இந்தப் பக்கம் முட்டுக்குடுத்து மண்ணை ஏத்தி மூடிருவோம். அரை நாழிதான்."

சோலையம்மாள் தொழுவத்துக்குள் எட்டிப் பார்த்தாள். "கேட்டியா தாயி?"

"கேட்டேன்க்கா" என்றாள் வளைகொம்பி. எழுந்தாள். பிறகு நின்றுவிட்டாள்.

"என்ன நிக்கிற? முடியுமா, முடியாதா?" என்று மாயழகு கேட்டான். மழைத்தண்ணீர் அவன் மூக்கிலிருந்து ஒழுகிக்கொண்டிருந்தது.

வளைகொம்பி தன் காலைப் பார்த்தாள். நன்றாக இருந்தது. முதுகும் நன்றாக இருந்தது. கன்று வழக்கம்போல எழாமல், பால் குடித்த அசதியில் அவள் பின்னங்காலுக்கிடையில் மூக்கை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. அவள் நெஞ்சில் ஏதோ ஒன்று வந்து நின்றது. அதை வாய்க்குக் கொண்டுவரப் பார்த்தாள். எந்தச் சொல்லிலும் அது அடங்கவில்லை. முடியாது என்று சொன்னால் பொய். சரி என்று சொன்னால் அதுவும் முழுசாக உண்மையில்லை.

"முடியும்" என்றாள் கடைசியில்.

"அப்ப என்ன? வா."

அவள் அப்போதும் நின்றாள். சோலையம்மாளின் கண் கரைப் பக்கமே இருந்தது. வீட்டுக்குள் எழுந்து ஓட முடியாத புருஷன் கிடக்கிறான். கரை போனால் முதலில் போவது அவள் வீடு. "அதான் முடியும்னு சொல்லிட்டாளே. கூட்டிக்கிட்டுப் போங்க, நான் கூடையை எடுத்துக்கிட்டு வாரேன்" என்றாள்.

"சரி" என்றாள் வளைகொம்பி.

தூங்கும் கன்றை மிதிக்காமல் காலைத் தூக்கி வைத்து வெளியே வந்தாள். சோலையம்மாள் தொழுவத்துப் படலை இழுத்துச் சாத்தினாள். கயிறு போட்டுக் கட்ட நேரமில்லை. கூடையைக் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு அவர்கள் பின்னால் ஓடினாள்.

உடைப்பில் தண்ணீர் சிவந்துபோய்ப் பாய்ந்துகொண்டிருந்தது. வளைகொம்பி உள்பக்கமாக இறங்கி, பக்கவாட்டில் திரும்பி, உடைப்பின் வாயில் உடம்பைக் கொடுத்து நின்றாள். தண்ணீர் அவள் விலாவில் வந்து மோதி இரண்டாகப் பிரிந்தது. நாலு காலும் சேற்றில் முழங்கால் வரை இறங்கின. அவள் முதுகுக்குக் கீழே, கரையின் வெளிச்சரிவில், மாயழகும் சோலையம்மாளும் ஊராரும் நாற்பது பேர் வரிசை கட்டி நின்று மண் கூடைகளைக் கைமாற்றினார்கள். தண்ணீரைக் குறைப்பதற்காகப் பக்கத்து மடையையும் முழுசாகத் திறந்து விட்டிருந்தார்கள். மடையின் வாயில் தண்ணீர் குழிந்து சுழன்று உள்ளே போய்க்கொண்டிருந்தது.

அரை நாழி என்றார்கள். அதற்கு மேலும் ஆயிற்று. மண் பாதி ஏறியிருந்தபோது, கரைமேல் சின்னதாக ஏதோ வருவதை வளைகொம்பி பார்த்தாள். காது பெரிதாக இருந்தது.

கன்று கரை நெடுகத் தடுமாறி வந்தது. தண்ணீருக்குள் தாயின் தலையைக் கண்டதும் "ஏ" என்றது. நேராக இறங்கிவிட்டது.

"மாயழகண்ணே! கன்னு! கன்னைப் பிடிங்க!" என்று வளைகொம்பி கத்தினாள்.

மழைச் சத்தத்திலும், "போடு, போடு" என்ற கூச்சலிலும், கரைக்கு மறுபுறம் நின்றவர்களுக்கு அது கேட்கவில்லை. "இன்னும் கொஞ்சம்தான் தாயி, நில்லு!" என்று யாரோ பதிலுக்குக் கத்தினார்கள்.

கன்று நீந்தத்தான் செய்தது. எருமைக்கன்று அல்லவா. ஆனால் தண்ணீர் அதைத் தாயிடம் விடாமல் மடைப் பக்கம் இழுத்தது. வளைகொம்பிக்கும் அதற்கும் நடுவில் பத்து அடிதான். பத்து அடி போக அவளுக்கு முடியும். அவள் ஒரு காலைச் சேற்றிலிருந்து உருவினாள். உருவியதும் அவள் வயிற்றுக்கடியில் தண்ணீர் பிய்த்துக்கொண்டு பாய்ந்தது. கீழே சோலையம்மாள் "ஐயோ" என்று சறுக்கி விழுந்து எழுந்தது அவள் காதில் விழுந்தது. நகர்ந்தால் அந்த நாற்பது பேரும் போவார்கள். அவர்களுக்குப் பின்னால் எண்பது வீடும்.

அவள் காலைத் திரும்பச் சேற்றில் ஊன்றினாள்.

மடை வாயில் இரண்டு காதும் ஒரு சுற்றுச் சுற்றின. பிறகு தெரியவில்லை.

கரை நின்றது. மண்ணை மிதித்துக் கெட்டித்த பிறகு ஊரே ஆரவாரம் போட்டது. வளைகொம்பியைக் கைத்தாங்கலாகப் பிடித்து மேலே ஏற்றினார்கள். ஒருவர் அவள் நெற்றியில் முத்தம் வைத்தார். மாயழகு அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதான். "ஊரைக் காப்பாத்திட்ட தாயி" என்றான்.

வளைகொம்பி சோலையம்மாளைப் பார்த்தாள். "அக்கா, கன்னு மடைக்குள்ள போயிருச்சு" என்றாள்.

ஆரவாரம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பொழுது சாயுமுன் வாய்க்காலில் கன்றைக் கண்டெடுத்தார்கள்.

அதற்குப் பிறகு வளைகொம்பி தொழுவத்துக்கு வரவில்லை. கண்மாயின் கிழக்கு மூலையில், நாட்டுக் கருவேல மரங்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கும் இடத்தில் போய் இறங்கிப் படுத்துக்கொண்டாள். மூக்கும் கண்ணும் கொம்பும் மட்டும் வெளியே தெரிந்தன. ஊரார் வந்து வந்து கரையில் நின்றார்கள். பச்சைப் புல்லைக் கட்டாகக் கொண்டுவந்து வைத்தார்கள். மாயழகு வந்து, "என் மேலதான் தப்பு தாயி. ரெண்டு வார்த்தை திட்டிரு" என்றான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கோபம் என்றால் எழுந்து வந்து முட்டியிருப்பாள். அவளிடம் கோபம் இல்லை. அலுப்புதான். கண்ணைத் திறந்து ஓர் ஆளைப் பார்ப்பதற்கே அலுப்பு.

மூன்றாம் நாள் சோலையம்மாள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள். கிட்டே போய், தண்ணீருக்குள் கையை விட்டு, எருமையின் மடியைத் தொட்டாள். கல்லாகக் கட்டியிருந்தது. காம்பில் கை பட்டதும் வளைகொம்பியின் உடம்பு முழுக்க ஒரு நடுக்கம் ஓடியது.

"வலிக்கும். கொஞ்சம் பொறுத்துக்க" என்றாள் சோலையம்மாள். குடிக்கக் கன்று இல்லை. பால் எளிதில் இறங்குமா? அவள் வெகுநேரம் மடியை நீவிக்கொண்டே நின்றாள். கடைசியில் கொஞ்சம் இறங்கியது. ஏந்தப் பாத்திரம் கொண்டுவரவில்லை. கறுத்த தண்ணீருக்குள் பால் வெள்ளையாகப் புகைந்து பரவிக் கலைந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏன் தாயி, அன்னைக்கு நீ ஒண்ணும் சொல்லலை?"

"என்னன்னு சொல்ல?"

"வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே."

"வேண்டாம்னு இல்லையேக்கா. கரை நிக்கணும். கீழ எண்பது வீடு இருக்குன்னு எனக்குத் தெரியாதா? நீங்க யாரும் கூப்பிடலைன்னாக்கூட நான் போயிருப்பேன். ஆனா..."

"ஆனா?"

"அந்த ஆனாவுக்கு மேல எனக்குப் பேச்சு இல்லைக்கா."

சோலையம்மாளின் கை நின்றுவிட்டது. "அந்த ஆனாவையாவது நீ வாயைத் திறந்து போட்டிருந்தா, நான் ஒரு கணம் நின்னிருப்பேன். நின்னிருந்தா உள்ள எட்டிப் பார்த்திருப்பேன். அந்தப் படலைக் கட்டியிருப்பேன். வேலை ஒண்ணும் நின்னிருக்காது, தாயி. கன்னுக்கு ஓர் ஆளை நிறுத்திட்டுப் போயிருப்போம். அவ்வளவுதானே?"

"நீங்க கேட்டது முடியுமான்னு. முடியும்னு சொன்னேன்."

சோலையம்மாள் மறுபடி மடியை நீவினாள். எருமையிடம் சொல்வது போலவும் இல்லாமல், தனக்குத்தானே சொல்வது போலவும் இல்லாமல் சொன்னாள்: "என்னையும் எல்லாரும் அப்படித்தான் கேக்குறாங்க. அவருக்கு உடம்பு துடைச்சுவிட முடியுமா, முடியும். வயலுக்குப் போக முடியுமா, முடியும். விடியறதுக்கு முந்தி எந்திரிக்க முடியுமான்னா, அதுவும் முடியத்தான் செய்யுது."

வளைகொம்பி அவள் தோளில் தாடையை வைத்தாள். "பன்னெண்டு வருஷமா ரெண்டு வார்த்தையை வச்சுக்கிட்டுக் காலம் தள்ளிட்டேன். ரெண்டும் எனக்கு உதவலை. இனி எனக்குப் பேச்சே வேண்டாம்க்கா. அலுப்பா இருக்கு" என்றாள்.

மனிதர் காதில் அவள் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

கார்த்திகை பிறந்தது. தண்ணீர் வடியவில்லை. ஊரைச் சுற்றிப் பாதைகள் எல்லாம் முங்கிக் கிடந்தன. மாயழகின் மனைவி இருளாயிக்குப் பிரசவ வலி கண்டு ஓர் இரவும் ஒரு பகலும் கடந்தும் பிள்ளை வெளியே வரவில்லை. மருத்துவச்சி ராக்காயி இருந்தது கண்மாய்க்கு எதிர்க்கரையில், மேலப்பட்டியில். படகு கிடையாது. காளைகளிடமும் மற்ற எருமைகளிடமும் கேட்டார்கள். ஆளை முதுகில் வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் நீந்த முடியாது என்று அவை சொல்லிவிட்டன. அது உண்மை.

மறுநாள் காலையில் மாயழகு சோலையம்மாள் வீட்டு வாசலில் வந்து நின்றான். தலையைக் குனிந்துகொண்டு கட்டைவிரலால் மண்ணைக் கிளறினான்.

"சொல்லுங்க கொழுந்தனாரே."

"எந்த முகத்தோட கேப்பேன் மதினி? ஆனா வேற யாருகிட்டப் போவேன்?"

இரண்டு பேரும் கண்மாய்க்குப் போனார்கள். கருவேல மரங்களுக்கு நடுவில் கொம்பு தெரிந்தது. சோலையம்மாள் கையை வாயருகே குவித்துக்கொண்டு, "வளைகொம்பீ!" என்று கூப்பிட்டாள்.

கொம்பு மெல்லத் திரும்பியது. எருமை இவர்களைப் பார்த்தாள். மாயழகின் முகத்தில் எல்லாம் எழுதியிருந்தது. எதற்கு வந்திருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் எழவில்லை. வாயையும் திறக்கவில்லை. மூடிய வாய்க்குள்ளிருந்து, அடிவயிற்றிலிருந்து கிளம்பி, தண்ணீர் மேல் வட்டம் வட்டமாக அதிரும்படி ஒரு சத்தம் வந்தது.

"ம்ம்ம்ம்..."

அது நீண்டுகொண்டே போய் மூக்குவழியாகப் பெருமூச்சாக முடிந்தது. அப்படி ஒரு சத்தத்தை அந்த ஊரில் யாரும் அதுவரை கேட்டதில்லை.

"என்ன சொல்றா? சரிங்கிறாளா?" என்றான் மாயழகு.

"இல்லை."

"அப்ப முடியாதுங்கிறாளா?"

"அதுவும் இல்லை."

"அப்ப என்னதான் சொல்றா?"

சோலையம்மாள் கரையில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தாள். "நீங்களும் உக்காருங்க."

"மதினி, அங்க அவ உசுரு கெடந்து..."

"எனக்குத் தெரியாதா? நானும் பொம்பளைதான். உக்காருங்க."

அவன் உட்காரவில்லை. கரையில் முன்னும் பின்னும் நடந்தான். சோலையம்மாள் எருமையின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊர்ப் பக்கமிருந்து இருளாயியின் அலறல் ஒருமுறை கேட்டு அடங்கியது. எருமையின் காது அந்தப் பக்கம் திரும்பியது. கேட்காமல் இல்லை. ஆனால் கண் மட்டும் வேறு பக்கம் போய்ப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. சோலையம்மாள் அந்தக் கண் போகும் வழியே பார்த்தாள். மேலப்பட்டிக்கு நேராக நீந்தினால் தெற்கு மடையை ஒட்டித்தான் போக வேண்டும்.

கன்று போன மடை. எழுந்து நின்று சத்தமாகச் சொன்னாள்: "மடைப் பக்கம் போக வேண்டாம் தாயி. கருவேலங்காட்டைச் சுத்தி வடக்கால போயி ஏறுவோம்."

"அது ரெட்டைத் தூரம் மதினி!" என்றான் மாயழகு.

"ஆகட்டும்." அவள் மறுபடி கூப்பிட்டாள். "வளைகொம்பீ!"

"ம்ம்ம்..." என்றாள் எருமை. முன்னதைவிடக் குட்டையாக இருந்தது. ஆனாலும் எழவில்லை.

இன்னும் என்ன? சோலையம்மாள் யோசித்தாள். அவளுக்குத் தன் உடம்பே பதில் சொன்னது. இது ஒன்றுதான் என்று கூப்பிடுவார்கள். இதை முடித்துவிட்டு வந்தால் அடுத்த ஒன்று வாசலில் நிற்கும்.

"கொழுந்தனாரே, இதை முடிச்சிட்டு வந்த பிறகு பத்து நாளைக்கு அவளை யாரும் எதுக்கும் கூப்பிடக் கூடாது. அதுக்குப் பிறகும் ஒரு நாளைக்கு ஒரு வேலைதான். நீங்க ஊருக்குச் சொல்லணும். இப்பவே அவளுக்குக் கேக்கறாப்புல சொல்லுங்க."

மாயழகு கரை விளிம்புக்கு வந்தான். "சொல்றேன் தாயி. என் பிள்ளை மேல ஆணையாச் சொல்றேன். யாரும் கூப்பிட விடுறதில்லை" என்றான்.

"நானும் உன்கூடத் தண்ணிக்குள்ள வாரேன்" என்றாள் சோலையம்மாள். மூன்றாம் தடவையாக, கூவாமல், பக்கத்தில் இருப்பவளைக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டாள். "வளைகொம்பி. வா."

எருமை எழுந்தாள். முதலில் பின்பக்கம், பிறகு முன்பக்கம். முதுகிலிருந்து தண்ணீர் நாலு பக்கமும் வழிந்தது.

வடக்காகச் சுற்றிப் போய், மேலப்பட்டியில் ஏறி, ராக்காயியை முதுகில் உட்கார்த்திக்கொண்டு வந்த வழியே திரும்பினார்கள். சோலையம்மாள் கொம்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நீந்தி வந்தாள். ராக்காயிக்குத் தண்ணீர் என்றால் பயம். வழி நெடுகத் திட்டிக்கொண்டே வந்தாள்.

"அந்தா தெரியுது ஊரு. எதுக்கு இந்தச் சுத்து?"

"அவளுக்கு அந்தப் பக்கம் மனசு வரலை" என்றாள் சோலையம்மாள்.

"எருமைக்கு என்னடி மனசு? கழுத்து வரை தண்ணியில கெடந்து கண்டதையும் பேசாதே."

 சோலையம்மாள் மூச்சை நீந்துவதற்கு வைத்துக்கொண்டாள்.

அவர்கள் போய்ச் சேரும்போது இருளாயிக்கு அலறவும் தெம்பு இல்லை. ராக்காயி ஈரச் சேலையோடு உள்ளே போனாள். மாயழகு சுவரில் தலையை முட்டுக்கொடுத்து நின்றான். உச்சிப் பொழுதுக்குக் கொஞ்சம் முன்னால், குழந்தை ஒருமுறை விக்கி, பிறகு அழுதது. பெண் குழந்தை. ராக்காயி வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "ரெண்டும் பிழைச்சுக்கும். இன்னும் கொஞ்சம் சுத்தியிருந்தீங்கன்னா ஒண்ணுதான் மிஞ்சியிருக்கும்."

 சோலையம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நல்லபடியாக முடிந்தது என்று அவளால் நினைக்க முடியவில்லை. முடிந்தது என்று மட்டும் நினைத்தாள். வெளியே வந்து பார்த்தபோது வளைகொம்பி அங்கே இல்லை. ஈரக் குளம்படிகள் கண்மாய்ப் பக்கம் போயிருந்தன.

சொன்னபடி பத்து நாள் அவளை யாரும் கூப்பிடவில்லை. பதினோராம் நாள் கூப்பிட்டார்கள். அவள் இழுத்து அந்தச் சத்தத்தைப் போட்டாள். கூப்பிட்டவன் கரையில் நின்று யோசித்தான். வெயில் ஏறிவிட்டதோ என்று நினைத்து, சாயங்காலம் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனான். சாயங்காலம் எழுந்து வந்தாள். ஒவ்வொரு தடவையும் காரணம் பெரிதாக இருந்தது என்று சொல்ல முடியாது. சில நாள் காரணமே தெரியாது. அப்போதும் கொஞ்சம் காத்திருந்தால் எழுந்து வந்துவிடுவாள். மற்ற எருமைகள் இதைப் பார்த்தன. சரி என்பதையும் முடியாது என்பதையும் ஒவ்வொன்றாக விட்டுவிட்டு, அவையும் அந்த ஒரு சத்தத்தை வைத்துக்கொண்டன.

குழந்தைக்கு முப்பது நாள் கழிந்தபோது நடவு வந்தது. ஆள் பற்றவில்லை. ஒருநாள் மாயழகு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றபடியே கேட்டான்: "இருளாயி, இன்னைக்கு வயலுக்கு வர முடியுமா?"

இருளாயி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காலைப் பார்த்தாள். எழுந்து நிற்கிற அளவுக்குத் தேறியிருந்தது. முடியும் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். வந்தது வேறு.

"ம்ம்ம்..." என்றாள்.

மாயழகு நடையில் ஒரு காலை வைத்தவன் அப்படியே நின்றான். திரும்பி, வெகுநாளைக்குப் பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. மண்வெட்டியை இறக்கிச் சுவரில் சாத்திவிட்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

தண்ணீரில் கிடக்கும் எருமை முதல் கூப்பாட்டுக்கு எழாமல் இழுத்து ஒரு குரல் கொடுப்பதும், மாட்டை அறிந்தவர்கள் கல்லை எறியாமல் கரையில் கொஞ்சம் காத்து நிற்பதும் அன்று முதல்தான். சொன்ன வேலையைத் தட்டவும் மனம் வராமல், செய்யவும் மனம் வராமல் இருக்கும் மனிதர்கள் "ம்ம்ம்..." என்று இழுப்பதும் அன்று முதல்தான். அதைக் கேட்டதும் நின்று முகத்தைப் பார்க்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சரி என்று எடுத்துக்கொண்டு போய்விடுகிறவர்கள்தான் அதிகம்.